கடுக்காய்க்கு பில் உண்டா?

பிப்ரவரி பிறந்தால் ஒரகடம் பக்கம் இரண்டு சமாசாரங்கள் சூடு பிடிக்கும். ஒன்று, கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி உருக்குகிற தார் ரோடு. இன்னொன்று, சி.எஸ்.ஆர். ஃபைல்.

தெரியாதவர்களுக்காக: 2013 கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. ஓரளவு பெரிய கம்பெனியாக இருந்தால், கடந்த மூன்று வருட லாபத்தின் சராசரியில் இரண்டு சதவிகிதத்தை ஊருக்கு நல்லது செய்யச் செலவழித்தாக வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து அமல். வருஷம் முழுக்க அந்த ஃபைல் பீரோவில் நிம்மதியாகத் தூங்கும். பிப்ரவரியில் ஆடிட்டர் வந்து எழுப்புவார். "மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணலேன்னா பணம் கையை விட்டுப் போயிடும் சார்!" உடனே கம்பெனிகளெல்லாம் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு பக்கத்து கிராமங்களுக்குள் இறங்கி, 'யாருக்காவது கழிப்பறை வேணுமா, யாருக்காவது ஆர்.ஓ. வாட்டர் வேணுமா' என்று கூவாத குறைதான்.

எங்கள் கம்பெனி கார்களுக்கு ஒரு ரப்பர் அயிட்டம் செய்கிறது. (என்ன அயிட்டம் என்று சொன்னால் கம்பெனி எது என்று தெரிந்துவிடும். இன்கிரிமென்ட் நேரம். வேண்டாம்.) நான் அட்மின். அட்மின் என்றால் கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தாலும் நான்தான், பஸ் டயர் பஞ்சர் ஆனாலும் நான்தான். 2022 பிப்ரவரியில் சி.எஸ்.ஆரும் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

"பக்கத்துல ஒரு கிராமத்துல பழைய ஸ்கூல் பில்டிங்கை இடிக்கப் போறாங்களாம். புதுசா ரெண்டு கிளாஸ் ரூம் கட்டிக் கொடுத்துடலாம். முன்னாடி பளிச்னு ஒரு போர்டு. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து ஒரு நோட் போடுங்க" என்றார் ஜி.எம். கூடவே ஊர்ப் பெயரையும் சொன்னார்.

கையிலிருந்த டீ லேசாக ஆடியது. அது என் ஊர். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அப்பா அ, ஆ எழுதினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஆபீஸைப் பொறுத்தவரை நான் படப்பைக்காரன். வாடகை வீடு அங்கேதான். சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் கேட்டார், "படப்பையில எந்தப் பக்கம் சார்?" நம் ஆபீஸ்களில் இந்த 'எந்தப் பக்கம்' என்கிற கேள்விக்குக் கிழக்கு, மேற்கு என்று பதில் சொன்னால் யாருக்கும் திருப்தி வராது. கேட்கிறவருக்கு வேண்டியது திசை இல்லை. நான் "பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஜாதி கிடையாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் முடித்து வைத்திருந்தேன்.

இப்போது 'அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்று நோட் போட வேண்டும். அது எங்கள் ஸ்கூல் என்று சொல்லாமல் போட முடியுமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

போய்ப் பார்த்தேன். முன்னால் ஒரு நீளக் கூடம். ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர், பனங்கை வைத்து மங்களூர் ஓடு, தாழ்வாரத்தில் நாலு தூண். பின்னால் எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் அறை இரண்டு. இரண்டையும் சேர்த்து 'பழுதடைந்த கட்டடம்' என்று எழுதியிருந்தார்கள். அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் இறந்து போனார்கள். அதற்கப்புறம்தான் மாநிலம் பூராவும் ஓட்டைக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். குழந்தைகள் தலைமேல் விழக்கூடிய கூரையைப் 'பாரம்பரியம்' என்று கட்டிக்கொண்டு அழ முடியாது.

ஆனால் கூட்டிக்கொண்டு போயிருந்த ரிடையர்டு இன்ஜினீயர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார். "தம்பி, விழப் போறது பின்னாடி இருக்கே, அந்த கான்கிரீட்தான். கம்பி துருப்பிடிச்சு உப்பி சீலிங்கைத் தள்ளுது பாருங்க. முன்னாடி கட்டடத்துக்கு ஒரே வியாதி, நடுவுல எவனோ பூசின சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். அது மேல சிமென்டைப் பூசினா ஈரம் வெளியே போக வழியில்லாம உள்ளேயே நின்னு உப்புப் பூத்துடும். அதைச் சுரண்டிட்டு காரை பூசி, ஓடு மாத்தினா இன்னும் அம்பது வருஷம் நிக்கும்."

அப்பாவிடம் ஓடினேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு, "பழைய பில்டிங்கை இடிக்க வேணாம்னு சொல்லப் போறேம்பா" என்றேன்.

"இடிச்சித் தள்ளச் சொல்லு" என்றார்.

"என்னப்பா..."

"அது இன்னாத்துக்குத் தனியா கட்டுனாங்கன்னு தெரியுமாடா ஒனக்கு? ஊர் ஸ்கூல்ல நம்ம புள்ளைங்கள உள்ள உட மாட்டேன்னாங்க. அதுக்குன்னு கட்டுனது. அத்த வெச்சி அழகு பாக்கணுமா? போடா."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்தானே? ஒதுக்கி வைத்ததற்கு ஒரு நினைவுச் சின்னமா?

ஊர்ப் பெரிசுகள் இன்றைக்கும் அதை 'லேபர் ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். சின்ன வயசில், ஏதோ ஃபாக்டரிக்காரர்கள் கட்டிய ஸ்கூல் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். விஷயம் வேறு. 1920 வாக்கில் மெட்ராஸ் அரசாங்கம் லேபர் கமிஷனர் என்று ஒருவரைப் போட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடம், கிணறு, வீட்டு மனை எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டது. அவர் ஆரம்பித்தவை லேபர் ஸ்கூல்கள். பிற்பாடு அது ஹரிஜன நலத் துறை ஆகி, ஆதிதிராவிடர் நலத் துறை ஆயிற்று. போர்டை மாற்றிக்கொண்டே வந்தார்கள். சுவர் அதேதான்.

மனசில்லா மனசோடு நோட் போட்டேன். ஃபைனான்ஸில் ஒரு பையன், சி.ஏ. முடித்து ஆறு மாசம் ஆனவன், அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான்.

"எந்த ஹெட்ல சார் போடறது? ஏழாவது அட்டவணையில ரெண்டாவது அயிட்டம் கல்வி. அஞ்சாவது அயிட்டம் பாரம்பரியம், அதுல 'சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களைப் புதுப்பித்தல்'னு வருது. கல்வின்னா புது பில்டிங்கே கட்டலாமே? பாரம்பரியம்னா, சரித்திர முக்கியத்துவம்னு யார் சார் சொன்னது? நம்ம ஏரியாவுல சரித்திரம்னா ஸ்ரீபெரும்புதூர்ல ராமானுஜர் கோயில், ராஜீவ் காந்தி நினைவிடம். லேபர் ஸ்கூல் எந்த லிஸ்ட்ல சார் இருக்கு?"

எந்த லிஸ்ட்டிலும் இல்லைதான். ராஜா கட்டியிருந்தால் லிஸ்ட்டில் வரும். வெள்ளைக்கார துரை ஒரு ராத்திரி கொசுக்கடியோடு தங்கியிருந்தால்கூட வரும். கூலிக்காரர்கள் பிள்ளைகள் சிலேட்டு உடைத்த இடம் எப்படி வரும்?

ஜி.எம். நல்ல மனுஷர். "வேற எங்கயாவது இப்படிச் செஞ்சிருக்காங்களா பாருங்க. ஃபாரின் எக்ஸாம்பிளா ரெண்டு ஸ்லைடு போடுங்க. அப்பதான் மேலே ஒத்துக்குவாங்க" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அமெரிக்கா போனேன். (இன்டர்நெட்டில்தான். கம்பெனி அவ்வளவு தாராளம் இல்லை.)

அங்கே கறுப்பின மக்களுக்கென்றே ஏற்பட்ட கல்லூரிகள் சுமார் நூறு இருக்கின்றன. பெரும்பாலானவை 1861-65 உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை விலங்கு கழன்ற பிற்பாடு தொடங்கியவை. வெள்ளையர் கல்லூரிகளில் சேர்க்க மாட்டேன் என்றார்கள். அதற்குத்தான் தனியாகக் கட்டியது. அப்பா சொன்ன அதே வாக்கியம்!

அலபாமாவில் டஸ்கிகீ என்று ஓர் ஊர். 1881-ல் அங்கே பள்ளி ஆரம்பித்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாகப் பிறந்தவர். கட்டடம் கட்டக் காசில்லை, செங்கல் வாங்கவும் காசில்லை. மாணவர்களே மண் குழைத்து செங்கல் அறுத்தார்கள். முதல் சூளை ஊத்திக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் போச்சு. நாலாவது சூளைக்குக் கையில் தம்பிடி இல்லாமல், மான்ட்கோமரி நகரத்துக்குப் போய் சேட்டுக் கடையில் (அந்த ஊர் சேட்டு!) தன் கைக்கடிகாரத்தை... மன்னிக்கவும், அந்தக் காலத்தில் பாக்கெட் வாட்ச்தானே... அடகு வைத்தார். கிடைத்தது பதினைந்து டாலர். நாலாவது சூளை ஜெயித்தது. வாட்ச் மூழ்கிப் போயிற்று. மீட்கவே முடியவில்லை என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நாஷ்வில்லில் இன்னொரு கல்லூரி, ஃபிஸ்க். 1871-ல் திவாலாகும் நிலை. ஒன்பது பிள்ளைகள் ஊர் ஊராகப் போய், அடிமைக் காலத்தில் அப்பன் ஆத்தாள் பாடிய பாட்டுகளைப் பாடி வசூல் செய்தார்கள். 1873-ல் இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணி முன்னாலேயே பாடினார்கள். வந்த பணத்தில் எழும்பிய ஜூபிலி ஹால் 1876-ல் திறக்கப்பட்டது. கச்சேரி பண்ணியே கட்டடம்! நம் சபாக்காரர்கள் கவனிக்க.

அப்படிக் கட்டியவை எல்லாம் நூறு வருஷத்தில் ஒழுக ஆரம்பித்தன. என்ன செய்தார்கள்? முதலில் எண்ணினார்கள். 1998-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் (சாட்சாத் ஆடிட்டர்களேதான்) 103 கல்லூரிகளுக்குக் கேள்வி அனுப்பி, ரிப்பேர் தேவைப்படுகிற சரித்திரக் கட்டடங்கள் 712, அதற்கு ஆகும் செலவு 755 மில்லியன் டாலர் என்று ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தது. இரண்டு வருஷம் முன்பு, 1996-ல் போட்ட சட்டத்தில் இதற்காக அனுமதித்திருந்ததோ 29 மில்லியன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. இருந்தாலும் எத்தனை சோளப்பொரி வேண்டும் என்பது தெரிந்து போயிற்றே! 2017-ல் நேஷனல் டிரஸ்ட் என்கிற அமைப்பு கறுப்பினப் பாரம்பரிய இடங்களுக்கென்றே தனி நிதி திரட்ட ஆரம்பித்தது. பிற்பாடு இந்தக் கல்லூரிகளுக்கும் கொடுத்தது. அதிலும் ஒரு நல்ல புத்தி பாருங்கள்: சிமென்ட் வாங்க மட்டும் இல்லை, 'எதை எப்படிக் காப்பாற்றுவது' என்று உட்கார்ந்து திட்டம் போடுவதற்கே தனியாகப் பணம். நம் ஊரில் திட்டம் போட யாராவது காசு கொடுப்பார்களா? கேட்டால், 'அதான் அட்மின் இருக்காரே' என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் வாட்ச் கதையைச் சொன்னேன். சும்மா, பேச்சுவாக்கில்தான். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம்,

"அவரு வாட்ச்ச வெச்சாரு. உங்க ஆயா கம்மல வெச்சா" என்றார்.

"எதுக்கு?"

"சுண்ணாம்புக்கு. கவுருமென்ட்டு ஓட்டுக்கும் மரத்துக்கும்தான் துட்டு குடுத்துச்சாம். செவுரு நம்ம பொறுப்பு. ஏரி மண்ண எடுத்து வூட்டுக்கு இத்தினி கல்லுன்னு அறுத்து, நம்ம ஆளுங்களே சூள போட்டாங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கத் துட்டு இல்ல. நாலு வூட்டுப் பொம்பளைங்க கம்மல், மூக்குத்தியக் கழட்டிக் குடுத்தாங்க. ஆயா கம்மல் திரும்பி வரவே இல்ல. சாவுற வரிக்கும் காதுல வேப்பங்குச்சிதான் சொருவியிருந்தா."

ஆயாவின் காதில் அந்தக் குச்சியை நானும் பார்த்திருக்கிறேன். ஏதோ கிராமத்து ஃபேஷன் என்று நினைத்திருந்தேன்.

பிரசன்டேஷன் நாள் வந்தது. அமெரிக்க ஸ்லைடுகளைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். ஜி.எம். மட்டும், "லோக்கலா ஏதாவது?" என்றார். தயாராகத்தான் இருந்தேன். அடையாறில் கர்னல் ஆல்காட். அமெரிக்காக்காரர். உள்நாட்டுப் போரின்போது வடக்கு ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை செய்தவர்களின் திருட்டுக் கணக்கைக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர். லிங்கன் கொலை விசாரணையிலும் இருந்தவர். 1882-ல் தியாசபிகல் சொஸைட்டி அடையாறுக்கு வந்தது. 1894-ல் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஆரம்பித்தார். பஞ்சமர் பள்ளி என்று பெயர். பின்னால் சென்னையில் அது மாதிரி இன்னும் சில எழுந்தன. அந்த முதல் பள்ளி பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக நடக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரோடு சேர்ந்து அவர் 1898-ல் இலங்கை போனதெல்லாம் தனிக் கதை.

எங்கள் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. ஸ்ரீபெரும்புதூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் இங்கே பறையர் மக்கள் படும் பாட்டை ரிப்போர்ட்டாக எழுதி அனுப்பித்தான், 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. அந்த ரிப்போர்ட் கிடைக்கிறது, படிக்கலாம். ஆனால் அந்த மக்கள் தங்கள் கையால் கட்டியது என்று தொட்டுக் காட்டச் சுவர் எத்தனை மிச்சம்? தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. 712 என்று அவர்கள் எண்ணினார்களே, அது போல இங்கே ஒரு எண் வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஃபைனான்ஸ் பையன் கேட்டான், "இந்த ஸ்கூலை ஜனங்களே கட்டினாங்கன்னு எப்படி சார் தெரியும்? டாக்குமென்ட் இருக்கா?"

ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க ஆயா கம்மலை வித்துக் கட்டினது. அது எங்க ஸ்கூல்" என்றேன்.

பன்னிரண்டு வருஷ பஸ் ஸ்டாண்டு அந்த ஒரு வரியில் போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'எந்தப் பக்கம்' கேட்ட சீனியர் தன் பேனா மூடியைத் திறந்து மூடினார். அடுத்த நாள் கேன்டீனில் வழக்கமாக என் மேஜையில் உட்காருகிற இரண்டு பேர் அன்றைக்கு மட்டும் ஏதோ வேலை என்று சீக்கிரம் எழுந்து போனார்கள். உண்மையிலேயே வேலை இருந்திருக்கலாம். பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பையன், இதுவரை என்னோடு பேசியதே இல்லை, தானாக வந்து, "சார், எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்குது. வந்து பாக்கறீங்களா?" என்றான்.

பணம் பாஸ் ஆயிற்று. முழுசாக இல்லை. பின்னாலிருந்த கான்கிரீட் அறைகளை இடித்துப் புதுசாக ஒன்று கட்டுவது, முன் கூடத்தை ரிப்பேர் செய்வது என்று பஞ்சாயத்து. அனுமதிக் காகிதங்களுக்காக நான் ஏறி இறங்கிய படிக்கட்டுகளைப் பற்றி எழுதினால் இந்த இதழ் பத்தாது.

காரை பூச ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. சிமென்ட் கொத்தனார்கள் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து, கோயில் வேலை செய்கிற பெரியவர் ஒருவரைப் பிடித்தோம். சுண்ணாம்பை நீற்றி, நாள் கணக்கில் ஊறப்போட்டு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் கலந்தார். ஸ்கூல் பிள்ளைகள் வெல்லத்தை ருசி பார்க்க வரிசையில் நின்றார்கள். அப்பா 'சும்மா பாத்துட்டு வரேன்' என்று முதல் நாள் போனவர், அப்புறம் தினமும் சைக்கிளில் ஆஜர். பெரியவரோடு சண்டை வேறு. "எங்கம்மா இன்னும் பதமா அரைப்பாங்கன்னு சொல்வாங்க" என்று.

போர்டில்தான் மாட்டிக்கொண்டோம். கம்பெனி அனுப்பிய வாசகத்தில் லோகோ ஒன்று, கம்பெனி பெயர், 'பின்தங்கிய மாணவர்களின் நலனுக்காக அன்புடன் வழங்கியது' என்று இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"யாரு யாருக்கு வழங்குனாங்க?" என்றார்.

ஜி.எம்.மிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு போர்டு வெச்சுக்கங்க. நம்மளது புது ரூம்ல. பழைய ஹால்ல உங்க அப்பா சொல்றபடி" என்றார். அப்பா சொன்னது மூன்றே வரி. இந்த ஊர்ச் சேரி ஜனங்கள் கல் அறுத்துக் கட்டியது என்பது ஒன்று. ஊர்ப் பள்ளியில் சேர்க்காததால் கட்டியது என்பது இரண்டு. மூன்றாவது வரியில், நகை கொடுத்த நாலு பெண்களின் பெயர். இரண்டாவது வரி வேண்டுமா என்று ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். அது இல்லாவிட்டால் போர்டே வேண்டாம் என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போர்டு மூன்று வரியோடுதான் இருக்கிறது.

நாலு பெயரில் ஒரு பெயர் அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. 'இன்னார் மருமகள்' என்றுதான் வெட்டியிருக்கிறோம்.

போன வாரம் பழைய கணக்கைக் கிளறிய ஆடிட்டரிடமிருந்து ஒரு மெமோ. 'மேற்படி பள்ளி ரிப்பேர் கணக்கில் வெல்லம், கடுக்காய் வாங்கியதாகச் செலவு எழுதப்பட்டுள்ளது. இது உணவுச் செலவா, மருத்துவச் செலவா என்று தெரிவிக்கவும். கடுக்காய்க்கு பில் இணைக்கப்படவில்லை.'

வாலாஜாபாத் நாட்டு மருந்துக் கடைக்காரர் பில் புத்தகம் வைத்திருக்கிறாரா என்று கேட்டு வரக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.